பல் செட்டுக்கு ஒரு மோட்டார்

1998 மார்ச் 14, சனிக்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். அன்று எங்கள் தெருவுக்குக் குழாயில் தண்ணீர் விடும் முறை. இரண்டு நீல டிரம்மையும் நிரப்பி, மூடி போட்டு, மூடிமேல் செங்கல் வைத்தேன். பால் பாக்கெட் வாங்கி வந்தேன். சவரம் செய்துகொண்டேன். மனைவி ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். நவம்பரிலிருந்து எங்கள் வீட்டில் பெரும்பாலும் களிதான். களியை மெல்ல வேண்டியதில்லை, குழம்பில் தோய்த்து விழுங்கிவிடலாம். அவளுக்கு மேல்வரிசையில் ஒரு பல்லும் கிடையாது.

சாப்பிட்டதும் முந்தானையை வாய்க்கு மேலே இழுத்துக்கொண்டு பொம்மனஹள்ளி பஸ்ஸுக்குப் புறப்பட்டாள். போய் வருகிறேன் என்று என்னிடம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் போவது ஒரு வாரத்துக்கும் மேலாக நடந்து வந்தது.

ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்தேன். ஈஜிபுரா மெயின் ரோட்டில் ஒற்றை ஷட்டர் கடை. மோட்டார் ரீவைண்டிங் என் தொழில். எரிந்துபோன மோட்டாரில் இருக்கும் செம்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பேன். அன்று காலை ஒரு சீலிங் ஃபேன் முடித்தேன், ஒரு மிக்ஸியைப் பிரித்து வைத்தேன். பிறகு கீழ்த்தட்டில் சாக்கு போட்டு மூடியிருந்த மோட்டாரை வெளியே எடுத்தேன். தூசி தட்டி, அச்சைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபடி மூடி வைத்தேன். அது வேலை முடிந்து தயாராக இருந்த மோட்டார். அதன் சொந்தக்காரர் என் கடையிலிருந்து மூன்று கடை தள்ளி உட்கார்ந்திருந்தார். அவர் பல் டாக்டர். என் மனைவியின் பல் செட் அவருடைய கண்ணாடி அலமாரியில் தயாராக இருந்தது. மோட்டார் வந்தால்தான் பல் என்றார் அவர். பல் வந்தால்தான் மோட்டார் என்றேன் நான். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் வரை இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

இது எப்படி வந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

நாங்கள் கே.ஜி.எஃப். ஆட்கள். என் அப்பாவும் மாமனாரும் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். சுரங்கத்தை நம்பி இனிப் பிழைக்க முடியாது என்று தெரிந்ததும், 1991இல் நானும் மனைவியும் பெங்களூருக்கு வந்து ஈஜிபுராவில் ஒரு ரூம் எடுத்தோம். அவள் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் சேர்ந்து, மெஷினில் உட்கார்ந்து தைத்து, பின்பு ஒரு லைனுக்கு சூப்பர்வைசர் ஆனாள். அந்த லைனில் தமிழ்ப் பெண்களும் கன்னடப் பெண்களும் தெலுங்குப் பெண்களும் இருந்தார்கள். எல்லா மெஷினும் ஓடும் சத்தத்துக்கு மேலே கத்தி வேலை வாங்குவதுதான் சூப்பர்வைசர் வேலை.

கையில் காசு நிற்காத வருஷங்கள் அவை. எங்கள் தெருவில் கடை வைத்திருந்த யாரிடமும் நின்றதில்லை. அதனால் ஒருவர் வேலைக்கு மற்றவர் வேலை என்று மாற்றிக்கொண்டோம். இதை ஏதோ அன்பும் ஒட்டுறவும் என்று சொல்பவர்கள் அதைச் செய்து பார்க்காதவர்கள். காசு கொடுத்து முடித்தால் அந்த ஆளை அதோடு மறந்துவிடலாம். மாற்று வேலை என்றால் முடிந்ததா முடியவில்லையா என்று யாருக்கும் தெரியாது. தையல்காரருடைய மெஷின் மோட்டாருக்கு நான் கம்பி சுற்றிக் கொடுத்தேன். அதற்கு இரண்டு பேன்ட் என்று பேச்சு. ஒரு பேன்ட் வந்தது. இரண்டாவது பேன்ட் ஜிப் இல்லாமல் அவர் கடை ஆணியில் தொங்கியது. அவருடைய இஸ்திரிப் பெட்டியையும் நான் சரிசெய்து கொடுத்த பிறகுதான் அதற்கு ஜிப் முளைத்தது. கேபிள்காரருக்கு அவருடைய பூஸ்டர் பெட்டியைப் பழுது பார்த்துக் கொடுத்து, பதிலுக்கு டி.வி. இணைப்பு வாங்கினேன். படம் புள்ளி புள்ளியாக வருகிறது என்று போய்ச் சொன்னேன். "ஓசில பாக்குறவங்களுக்கு இவ்ளோதான் வரும் சார்" என்றார், நாலு பேர் நிற்கும்போது.

பல் டாக்டர் 1996இல் வந்தார். வீடு ரிச்சர்ட்ஸ் டவுனில். அங்கே பல தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். வாடகை குறைவு என்று கிளினிக்கை மட்டும் எங்கள் தெருவில் வைத்திருந்தார். தினமும் ஸ்கூட்டரில் வருவார். சட்டையில் ஒரு கசங்கல் இருக்காது. எல்லா ஆம்பிளைகளையும் 'மேன்' என்பார், எல்லாப் பெண்களையும் 'சிஸ்டர்' என்பார். தெருவில் யாருடைய கடையிலும் டீ குடித்து நான் பார்த்ததில்லை.

1997 அக்டோபரில் மனைவிக்கு ஈறு வீங்கி, மேல்பல் எல்லாம் ஆட ஆரம்பித்தது. அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். விரல் நுனியால் ஒவ்வொரு பல்லையும் ஆட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் போயாச்சு மேன். எடுத்துட்டு மேல ஃபுல் செட் வெச்சிரலாம்" என்றார். எவ்வளவு ஆகும் என்பதையும் சொன்னார். நான் சுவரைப் பார்த்தேன். பழைய வயர்கள் சுவரில் தோரணம் மாதிரி தொங்கின.

"வயரிங் ரொம்ப மோசமா இருக்கு டாக்டர். ஒரு நாள் புடிச்சுக்கும்."

"தெரியும் மேன். ஆள் கெடைக்கல."

"நான் செஞ்சு குடுக்கறேன். நீங்க பல்லு கட்டிக் குடுங்க."

அவர் மூலையில் இருந்த கம்ப்ரஸரைக் காட்டினார். "கம்ப்ரஸரையும் பாத்துக்கணும். செட் சிஸ்டர் வாய்க்குப் போற வரைக்கும்."

கம்ப்ரஸர் என்பது பல் ராவும் மெஷினைச் சுழற்றக் காற்று கொடுக்கும் இயந்திரம். அதை ஓட்டுவது ஒரு மோட்டார். சரி என்றேன். "டீல் மேன்" என்று கையை நீட்டினார். கை கொடுத்தேன். பக்கத்தில் நின்ற மனைவியிடம் நாங்கள் இருவருமே எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயமாக அது எனக்குப் படவில்லை.

வயரிங்கைத் தீபாவளிக்குள் முடித்தேன். பைப் முதல் சுவிட்ச் வரை எல்லாம் புதிது. வேலையில் குறை என்று அவரே சொன்னதில்லை. நவம்பரில் அவர் பற்களை எடுத்தார். அவர் வேலையிலும் குறை சொல்ல முடியாது. ஈறு ஆறுவதற்கு விட்டு, பிப்ரவரியில் மெழுகில் அளவெடுத்தார். அதே பிப்ரவரியில் வோல்டேஜ் இறங்கி, தெருவில் வரிசையாக மோட்டார்கள் எரிந்தன. அவருடைய கம்ப்ரஸர் மோட்டாரும் எரிந்தது. பேசியபடி அதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்தேன்.

இங்கே எங்கள் தொழிலில் உள்ள ஒரு முறையைச் சொல்ல வேண்டும். எரிந்த மோட்டாரிலிருந்து எடுக்கும் பழைய செம்பு, சுற்றுகிறவனுக்குச் சொந்தம். சிவாஜிநகரிலும் அப்படித்தான், ஓசூரிலும் வேலூரிலும் அப்படித்தான். இதை யாரும் வாடிக்கையாளரிடம் தனியாகச் சொல்வதில்லை. தையல்காரர் துண்டுத்துணி தன்னுடையது என்று சொல்லிவிட்டா தைக்கிறார்? டாக்டருடைய மோட்டாருக்குப் புதுக் கம்பியை நான் என் கையிலிருந்து காசு போட்டு வாங்கினேன். பழையதை விற்றால் அதில் ஒரு பகுதி திரும்பும். முறை சரியான முறை. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

மார்ச் முதல் வாரத்தில் ஒரு மத்தியானம், பழைய இரும்பு வாங்கும் குஜிரிக்காரர் தள்ளுவண்டியோடு என் கடை வாசலில் நின்றிருந்தார். கருகிய செம்பைத் தராசில் வைத்துக்கொண்டிருந்தோம். டாக்டர் ஸ்கூட்டரில் வந்தவர் நிறுத்தினார்.

"மோட்டார் ரெடியா மேன்?"

"ரெடி டாக்டர். சாயங்காலம் கொண்டாந்து மாட்டிர்றேன்."

"செட்டும் ரெடி. சிஸ்டர வரச் சொல்லு." தராசைப் பார்த்தார். "இது எதுல எடுத்தது?"

"உங்க மோட்டார்ல."

"அப்போ என் காப்பர்."

"இல்லீங்க. பழைய காப்பர் சுத்துறவனுக்கு."

"யார் சொன்னா?"

"தொழில்ல அதான் வழக்கம்."

"எந்தத் தொழில்ல மேன்? ஒருத்தன் பொருள எடுத்து இன்னொருத்தன் விக்கறதுக்கு வேற பேர் இருக்கு."

குஜிரிக்காரர் தராசைத் தரையில் வைத்தார். எதிரே டீக்கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள். என்னைத் திருடன் என்று அந்தத் தெருவில் அதற்கு முன் யாரும் சொன்னதில்லை.

"என் சம்சாரம் வாய்ல இருந்து ஒரு வரிசை பல்லு எடுத்தீங்களே டாக்டர். அதத் திருப்பிக் குடுத்தீங்களா?"

டீக்கடையில் சிரிப்பு எழுந்தது. குஜிரிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். டாக்டரின் காது சிவந்தது.

"காப்பர் என் டேபிளுக்கு வரணும். வந்தாத்தான் செட்."

"செட்டு வந்தாத்தான் மோட்டாரு" என்றேன். குஜிரிக்காரரிடம், "எடை போடுப்பா" என்றேன். டாக்டர் கண்ணெதிரிலேயே விற்றேன். வண்டி தெருமுனை திரும்பும் வரை அவர் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் செம்பைக் கேட்டாலும் என்னால் கொடுத்திருக்க முடியாது. கொடுக்கவும் மாட்டேன்.

அவர் கணக்கு என்னவென்று பின்பு டீக்கடைக்காரர் மூலம் எனக்கு வந்தது. பல் செட்டுக்கு உண்டான பொருள் எல்லாம் அவர் காசு. ஆனால் நானோ வேலையைக் கொடுத்துவிட்டுச் செம்பாகக் கூலியை எடுத்துக்கொண்டேனாம். 'டபுள் பேமென்ட்' என்றாராம். புதுக் கம்பி நான் வாங்கியது என்பது அவர் கணக்கில் இல்லை.

அன்று சாயங்காலம் மனைவி பல் வந்துவிட்டதா என்று கேட்டபடியே உள்ளே வந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"பல்லு ரெடின்னு சொன்னாரா இல்லியா?"

"சொன்னாரு."

"மோட்டாரு ரெடியா?"

"ரெடி."

"அப்புறம் இன்னாத்துக்கு என் வாயில இன்னும் காத்தடிக்குது?"

"திருடன்னு சொன்னான். தெருவே கேட்டுச்சு."

"தெரு கேட்டுட்டுப் போவுது. திங்கக்கெழம பதினாறாம் தேதி துணி வாங்குற பையர் வர்றான். ஃபாரின்காரன். ஃப்ளோர் இன்சார்ஜு இன்னிக்குச் சொல்லிட்டான். பல்லோட வந்தா லைன்ல நில்லு, இல்லன்னா நூலு வெட்டுற டேபுளுக்குப் போ, வேற பொண்ண லைன்ல நிக்க வெக்கறேங்கறான்."

"ஒரு நாளைக்குத்தானே."

"அந்த டேபுளுக்குப் போனவ எவளாச்சும் திரும்பி வந்து பாத்துக்கிறியா நீ? நான் பாக்கல."

அவள் என்னை 'நீ' என்று பேசுவது கோபத்தின் உச்சியில் மட்டும்தான். பல் எடுத்த நாளிலிருந்து லைனில் ஒரு பெண் அவள் பேசுவது போல உதட்டை உள்ளே மடித்துப் பேசிக் காட்டுகிறாள் என்பதை வேறொருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மனைவி என்னிடம் சொன்னதில்லை.

வேறு டாக்டரிடம் போகலாமா என்றால், அளவெடுப்பதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும், ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். எங்கள் டாக்டராலும் வேறு ஆளிடம் போக முடியாது. மோட்டாரே என் கடையில் இருந்தது. கம்ப்ரஸர் இல்லாமல் அவரால் சொத்தைப் பல்லை ராவி அடைக்க முடியாது. பிடுங்க மட்டும்தான் முடியும். எத்தனை நாளைக்கு ஒருவர் பிடுங்கியே கிளினிக் நடத்துவார்? அந்த வாரமே இறங்கி வருவார் என்று கணக்குப் போட்டேன்.

அவர் இறங்கவில்லை. காலையில் என் கடையைத் தாண்டும்போது ஸ்கூட்டரை மெதுவாக்கி, "என்ன மேன், வீட்ல தினமும் கஞ்சியா?" என்று கேட்டுவிட்டுப் போவார். சாயங்காலம் அவர் ஷட்டரை இழுக்கும்போது நான் வாசலில் நின்று, "இன்னிக்கு எத்தன பேர திருப்பி அனுப்பினீங்க டாக்டர்?" என்பேன். ஒரு நாள் அவர் கிளினிக்கில் ஃபியூஸ் போனது. என்னைக் கூப்பிடாமல் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போட்ட வயரிங், நிமிஷத்தில் சரிசெய்திருப்பேன். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மனைவி கடைசியாக ஒருமுறை கேட்டாள். "மோட்டாரக் குடுத்துடறீங்களா இல்லியா?"

"முதல்ல அவரு குடுக்கட்டும்."

"சரி" என்றாள். அந்த 'சரி'யின் பொருள் எனக்கு அப்போது தெரியவில்லை.

மீண்டும் சனிக்கிழமைக்கு வருகிறேன். சாயங்காலம் ஆறு மணி சுமாருக்கு மிக்ஸியின் ஆர்மேச்சருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். டீக்கடைக்காரர் சாலையைத் தாண்டி ஓடி வந்தார்.

"அண்ணா, உங்க வீட்டம்மா கிளினிக்ல உக்காந்துகினு கீறாங்க. போய்ப் பாருங்க."

"பல்லு வாங்கவா?"

"அது தெரியல. சிரிச்சிகினு கீறாங்க."

போனேன். சனிக்கிழமை சாயங்காலம் அவருக்குக் கூட்டம் வரும் நேரம். பெஞ்சில் ஒரு அம்மா சின்னப் பெண்ணை மடியில் வைத்திருந்தார். கன்னம் வீங்கிய ஒரு பெரியவர் கைக்குட்டையை அழுத்திப் பிடித்திருந்தார். கல்லூரிப் பையன்கள் இருவர் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், வேலையிலிருந்து நேராக வந்த புடவையோடு, என் மனைவி. நவம்பரிலிருந்து வாயை விட்டு இறங்காத முந்தானையை எடுத்து இடுப்பில் செருகியிருந்தாள். உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் பார்த்து, முழு ஈறும் தெரியச் சிரித்தாள்.

குழந்தை வைத்திருந்த அம்மா கன்னடத்தில், என்ன ஆயிற்று அக்கா என்று கேட்டார். இவள் கன்னடத்தில் சொன்னாள். புரியாமல் பார்த்த பெரியவருக்குத் தமிழில் திருப்பிச் சொன்னாள்.

"டாக்டர்தான் புடுங்கினாரு ஐயா. புடுங்குறது நல்லா புடுங்குவாரு. குத்தமே சொல்ல முடியாது. திருப்பி வெக்கறதுலதான் கொஞ்சம் லேட்டு."

"எவ்ளோ லேட்டும்மா?"

"நவம்பர்ல எடுத்தாரு. அதோ பாருங்க, அந்த அலமாரில கீது பாருங்க, பிளாஸ்டிக் டப்பா. அதான் என் பல்லு."

எல்லோரும் அலமாரியைப் பார்த்தார்கள். பையன்களில் ஒருவன் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தான். பெரியவர் கைக்குட்டையை எடுத்துவிட்டு உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "டாக்டரே, எனக்கும் புடுங்கிட்டு இப்டித்தான் உட்ருவீங்களா?"

டாக்டர் கையுறையோடு வெளியே வந்தார். "சிஸ்டர், என்ன தமாஷ் இது? உள்ள வாங்க, பேசலாம்."

"இங்கயே பேசுங்க டாக்டர். எனக்குப் பல்லுதான் இல்ல, காது நல்லா கேக்குது."

"உங்க ஹஸ்பண்டக் கேளுங்க. என் காப்பர வித்துட்டார்."

"வித்தவரக் கேளுங்க. இதோ வாசல்ல நிக்கிறாரு."

நான் ஒரு படி ஏறினேன். "டாக்டர், காப்பர் விஷயம் என்னன்னா—"

"நீங்க உள்ள வராதீங்க" என்றாள், என் பக்கம் திரும்பாமலே. "ரெண்டு பேரும் கையக் குடுத்துக்கினு பேசின லட்சணம்தான் நான் இப்டி உக்காந்துகினு கீறேன். மோட்டாரு அவருது, சுத்தினது உங்களுது, காப்பரு யாருதோ எனக்குத் தெரியாது. இந்த வாய் என்னுது. இத நான் யாருகிட்டயும் அடகு வெக்கல."

குழந்தையின் அம்மா எழுந்தார். "இன்னொந்து தின பர்த்தீவி டாக்டர்" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி இறங்கினார். இன்னொரு நாள் வருகிறோம் என்று அர்த்தம். வரமாட்டார் என்பது டாக்டர் முகத்தில் தெரிந்தது. பையன்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழுந்தார்கள்.

டாக்டர் அலமாரியைத் திறந்தார். டப்பாவை எடுத்தார். "வாங்க" என்றார். சிஸ்டர் என்று சொல்லவில்லை.

அவள் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். வாசலிலிருந்து எனக்கு அவள் கால்கள் மட்டும் தெரிந்தன. செட்டை வைத்து அழுத்தும்போது பாதம் ஒருமுறை விறைத்தது.

"குத்துது டாக்டர். ஓரத்துல."

"கடிச்சுப் பாருங்க."

"கடிக்க முடியல. ரத்தம் வருது பாருங்க."

அவர் உப்புத்தாளை எடுத்துக் கையால் தேய்த்துப் பார்த்தார். மறுபடி வைத்தார். மறுபடி குத்தியது. உள்வளைவுக்கு உப்புத்தாள் போகவில்லை. வெளியே கேட்கட்டும் என்றே அவர் சத்தமாகச் சொன்னார்.

"ஓரத்த ராவணும். ராவ மெஷின் வேணும். மெஷினுக்குக் காத்து வேணும். காத்து உங்க ஹஸ்பண்ட் கடையில இருக்கு."

பெரியவர் வீங்கிய கன்னத்தோடு சிரித்தார். வலி எடுத்து நிறுத்திக்கொண்டார்.

மனைவி வெளியே வந்தபோது செட் கைக்குட்டையில் இருந்தது. முந்தானையை மறுபடி வாய்க்கு மேல் போட்டுக்கொள்ளவில்லை. கடை வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தாள். நான் ஷட்டரை இறக்கப் போனேன்.

"காலைல மோட்டார மாட்டறீங்க. அவரு வர்றாரு."

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. சர்ச்சுக்குப் போவாரு."

"சர்ச்சுக்கு முன்னாடி வர்றாரு. சொல்லிட்டேன்."

"காப்பரப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

அவள் நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நாளைக்கு உங்க ரெண்டு பேர்ல எவராச்சும் காப்பருன்னு சொன்னீங்கன்னா, திங்கக்கெழம நான் கம்பெனிக்குப் போவ மாட்டேன். உங்க கடை வாசல்ல ஸ்டூல் போட்டு இதே மாதிரி உக்காருவேன். உங்ககிட்ட மோட்டாரு குடுக்க வர்றவங்க எல்லாருக்கும் சொல்லுவேன்."

வீட்டுக்கு வந்து அவள் செட்டைக் கழுவி டம்ளர் தண்ணீரில் போட்டு அலமாரியில் வைத்தாள். களி கிண்டினாள். நான் டைரி எழுதினேன். பல் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது, மோட்டார் இன்னும் என் கடையில் இருக்கிறது. ஆகவே முதலில் இறங்கியது அவர்தான் என்று எழுதினேன். எழுதியதை அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் முதல் வேலையாக, முகம்கூடக் கழுவாமல், கடையைத் திறந்து மோட்டாரைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். மனைவி டம்ளரோடு பின்னால் வந்தாள். டாக்டர் வெள்ளைச் சட்டை போட்டு, டை கட்டி, ஸ்கூட்டர் பெட்டியில் பைபிளோடு வந்து காத்திருந்தார். குட் மார்னிங் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மோட்டாரைப் பீடத்தில் இருத்தி நட்டு முறுக்கினேன். பெல்ட்டை மாட்டி, இழுவை பார்த்து, சுவிட்சைப் போட்டேன். ஓடியது. டாக்டர் மோட்டாரைப் பார்க்கவில்லை, காற்றழுத்தம் காட்டும் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். முள் ஏறியதும் கையைக் கழுவினார்.

மனைவி நாற்காலியில் உட்கார்ந்து செட்டை அவர் கையில் கொடுத்தாள். குத்திய இடத்தை விரலால் காட்டினாள். அவர் ராவினார், வைத்தார், கழற்றினார், மறுபடி ராவினார். இளஞ்சிவப்புத் தூள் அவர் டை மேல் விழுந்தது. தட்டிவிடவில்லை. "இன்னும் கொஞ்சம்" என்று ஒவ்வொரு தடவையும் அவள் சொன்னாள். சர்ச் நேரம் நெருங்குகிறது என்று சுவர்க் கடிகாரத்தை அவர் பார்த்தார். அவள் அதையும் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்றாள்.

கடைசியில் வாயை மூடி, மெல்லக் கடித்துப் பார்த்தாள். இந்தத் தடவை "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லவில்லை.

"பேசிப் பாருங்க" என்றார் டாக்டர்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டாள். அந்தச் சின்ன அறையில், ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரஸருக்கு மேலே, லைனில் நிற்பது போலவே, தமிழும் கன்னடமுமாகக் கத்தினாள்.

"ஏய், கதைய நிறுத்து! பீஸ எடு! பேக பேக! கையி ஓடட்டும்!"

டாக்டர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். செட் விழவில்லை, ஆடக்கூட இல்லை. அவள் இன்னொரு தடவை, தெலுங்கிலும் கத்திப் பார்த்தாள். நான் கம்ப்ரஸரை நிறுத்தினேன்.